வேங்கிக்காலில் ஐம்பது லிட்டர் கடல்

என் மீன்களைக் கொன்றுவிட்டாய் என்று நான் ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டினேன். அவர் கொல்லவில்லை; கொன்றவன் நான். அது அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விலங்கியல் படிப்பித்த ஒருவன், எழுபத்துமூன்று வயதில் செய்த காரியம் இது. ஊரில் என்னிடம் படித்தவர்கள் இதை வாசிக்கக்கூடும், வாசிக்கட்டும்.

திருவண்ணாமலைக்கு வந்து நான்கு வருடமாகிறது. காலையில் கதவைத் திறந்தால் எதிரே ஒரு மலை நிற்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இங்குள்ளவர்கள் ஸ்கூட்டரில் போகும்போதே ஒரு கையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் பிறந்தவன். எங்கள் தீவில் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் முடிவில் கடலின் நேர்கோடு இருக்கும். கண் அதில் போய் ஆறும். இங்கே அது மலையில் போய் முட்டி நிற்கிறது. போரில் படகேறி வந்து, முகாமில் இருந்து, பிறகு சென்னையில் டியூஷன் சொல்லிக்கொடுத்து, மனைவி போனபின் வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்தேன். பக்தியால் வந்தவன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை, பக்தி உள்ளவனுக்கு வீடு சுலபமாகக் கிடைக்கிறது.

குடியிருப்பது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாவித்திரி அம்மாளின் வீட்டு மாடியில். அவர் போட்ட ஒரே நிபந்தனை, "கவிச்சி மட்டும் கூடாது சார். முட்டைகூட ஆகாது" என்பது. தீவான் ஒருவன் மீன் இல்லாமல் வாழச் சம்மதித்தான். ஆகவே, ரமணாசிரமம் பக்கம் அறையைக் காலிசெய்துகொண்டு தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் ஐம்பது லிட்டர் பிடிக்கும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியொன்றை மலிவாகத் தந்தபோது, அதை மாடிக்கு ஏற்றுமுன் சாவித்திரி அம்மாளிடம் அனுமதி கேட்டேன். தொட்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "நீந்தற மீன்னா பரவால்ல. வேகற மீன்தான் கூடாது."

எல்லாரும் வளர்க்கும் தங்கமீன் எனக்கு வேண்டாம்; கடல் வேண்டும். கடல்மீன் தொட்டிக்கென்றே ஒரு உப்புத்தூள் கடையில் கிடைக்கிறது. அதன் விலைக்கு நான் ஒரு மாதம் சாப்பிடலாம். சமையல் உப்பு சரிவராது. புதுச்சேரிக்குப் போனால் கடல் சும்மா கிடக்கிறது. பத்து லிட்டர் கேன் இரண்டுடன் மூன்று தடவை பஸ்ஸில் போய்வந்தேன். முதல் தடவையே எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். புதுச்சேரியிலிருந்து கேனில் எது வந்தாலும் அவர்களுக்கு அது சாராயம்.

"இன்னா பெருசு, கேன்ல?"

"கடல் தண்ணி."

"எதுக்கு, ஹோமத்துக்கா?"

"இல்லை. மீனுக்கு."

"தண்ணில இருந்து மீன எடுத்துனு போவாங்க. நீ மீனுக்குத் தண்ணி எடுத்துனு போறியா? தொற."

திறந்தேன். மூக்கை வைத்து முகர்ந்தார். பஸ் முழுவதும் சிரித்தது. என் பேச்சைக் கவனித்துவிட்டு, "சிலோனா?" என்றார். "ஓம்" என்றேன். அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும்வரை கேன்களைக் காலிடுக்கில் பிடித்தபடி யார் முகத்தையும் பார்க்காமல் வந்தேன்.

அஞ்சலை எனக்கும் கீழ்வீட்டுக்கும் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் பாத்திரம் கழுவி, வீடு கூட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. மகள் கல்லூரியில் கடைசி வருடம். தொட்டியில் தண்ணீர் நிரம்பிய அன்று விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றார்.

"மெய்யாலுமே கடல் தண்ணியா சார்?"

"ஓம்."

"நான் கடலையே பாத்ததில்ல. எம்பொண்ணு காலேஜ்ல டூர் போய்ப் பாத்துட்டு வந்தா." கைகூப்பினார். "நம்மளத் தேடினு வந்துக்குது பாரு."

புதுத் தொட்டியில் மீன்களின் கழிவு நஞ்சாக மாறும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் வளர ஐந்தாறு வாரமாகும். அதுவரை மீன் விடக்கூடாது. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எத்தனை வகுப்புக்கு வரைந்திருப்பேன்! நான்காம் நாளே சென்னைக்குப் போய், கொளத்தூரில் மூன்று மீன்கள் வாங்கிவந்தேன். இரண்டு நீலம், ஒன்று செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை. நஞ்சின் அளவைக் காட்டும் சோதனைக் குப்பியைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். சிக்கனம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், எனக்குத் தெரியாததா என்ற எண்ணம்.

ஐந்து நாள் இருந்தன. ஆறாம் நாள் காலை மூன்றும் மிதந்தன. மணலில் ஒரு ரூபாய் நாணயம் கிடந்தது. கண்ணாடி மூலையில் மஞ்சள் தூள். அஞ்சலை அப்போதுதான் வாளியுடன் உள்ளே வந்தார்.

"என்னத்தைப் போட்டனீங்கள் இதுக்குள்ள? நஞ்சு வைச்ச மாதிரி எல்லாத்தையும் சாகடிச்சுப்போட்டியளே!"

"சாமின்னு நெனச்சு நேத்து போட்டேன் சார். பொண்ணுக்கு ஒரு வேல கெடைக்கணும்னு..." என் சத்தம் கேட்டு சாவித்திரி அம்மாள் மேலே வந்தார். நான் நாணயத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை ஒருமுறை பார்த்தார், மீன்களை ஒருமுறை பார்த்தார். "நாளைலேர்ந்து வராத அஞ்சல" என்றார். அஞ்சலை வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை அந்த நாணயத்தைத் துடைத்துப் பார்த்தேன். செம்பு கடல் உயிர்களுக்கு ஆகாது. இது செம்பு அல்ல, துருப்பிடிக்காத இரும்பு; காந்தத்தில் ஒட்டியது. மஞ்சளோ ஒரு சிட்டிகை. பிறகு, ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு மூன்று நாள் முன்பு நான் அனுப்பிய வீடியோவை எடுத்துப் பார்த்தேன். அதில் மீன்கள் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. கீழே மணல் சுத்தமாக இருந்தது. காசு இல்லை, மஞ்சள் இல்லை. "பார், எப்படி விளையாடுதுகள்" என்று என் குரல் பின்னால் கேட்டது.

கீழே இறங்கிப் போய் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு மாடிப்படி தூரம்தான். வாத்தியார் என்ற பெயர் அந்தத் தெருவில் எனக்கு இருந்த ஒரே சொத்து. அதை இழக்க மனம் வரவில்லை. நாளை சொல்லலாம் என்று நாட்கள் போயின. பஸ்ஸில் என்னை எப்படிப் பார்த்தார்களோ அப்படித்தான் நான் அஞ்சலையைப் பார்த்தேன் என்பதும் தெரிந்தே இருந்தது. ராசியில்லாத கை என்று பேச்சுக் கிளம்பி, மற்ற இரண்டு வீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்கள். அப்போதும் பேசாமல்தான் இருந்தேன்.

இரண்டாவது பௌர்ணமி கழிந்த காலை. கிரிவலம் முடித்து வந்த சாவித்திரி அம்மாள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அஞ்சலையப் பாத்தேன் சார். வெறுங்கால்ல சுத்தினு இருந்தா. மீனக் கொன்ன பாவம் போவணுமாம். போன மாசமும் சுத்தினாளாம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அவருடைய கிராமத்துக்குப் போனேன். வீட்டு வாசலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அஞ்சலை, மீன் செத்தது உங்கட காசாலை இல்லை. நான் அவசரப்பட்டு மீனை விட்டதாலை. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அன்னைக்கேவா?"

"ஓம்."

"அப்ப நான் ரெண்டு பௌர்ணமி சுத்தினது?"

நான் தலையைக் குனிந்தேன். அவருடைய பாதம் கண்ணில் பட்டது. ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது.

"நீங்க திட்டினதுகூடப் போவுது சார். படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு, நாந்தான் கொன்னுட்டேன்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன்? ராத்திரி சோறு எறங்கல எனக்கு."

கொண்டுபோன இரண்டு மாதச் சம்பளத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. மூணு வூட்டுக்கும் வந்து உங்க வாயால சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கணும்."

அன்றே போனோம். முதல் வீட்டுக்காரர், "ஒரு மீனுக்கா இம்மாம் பேச்சு?" என்று சிரித்துவிட்டு மறுநாளே வரச்சொன்னார். இரண்டாவது வீட்டில் ஏற்கெனவே வேறு ஆளை வைத்திருந்தார்கள். அஞ்சலைக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அது என் கணக்கில் இன்னும் நிற்கிறது. கடைசியில் சாவித்திரி அம்மாள். முழுவதையும் கேட்டார்.

"ஏன் சார், வாத்தியாரு நீங்க. இத சொல்ல ரெண்டு மாசமா?" பிறகு அஞ்சலை பக்கம் திரும்பினார். "நானும் அன்னைக்கு விசாரிக்காம சொல்லிட்டேன்டி. மனசுல வச்சுக்காத. காலைல வந்துடு, அந்த இட்லிக் குண்டானத் தேய்ச்சு என் கை போச்சு."

"வரேன்மா. மேல் வூட்டுக்கும் வரேன். ஆனா சார் இனிமே மீன் வாங்கறதுன்னா என்னைக் கேட்டுட்டுதான் வாங்கணும்."

மூன்று பேரும் சிரித்தோம். வாசல்வரை போன அஞ்சலை திரும்பிப் பார்த்து, "அந்த ரெண்டு சுத்தும் வீணாப் போவாது சார். செத்த மீனுக்குப் போய்ச் சேரட்டும்" என்றார். அன்று மத்தியானம் எனக்குப் பசித்தது. இரண்டு மாதத்தில் அப்படிப் பசித்ததில்லை. இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு எல்லாவற்றையும் முறைப்படி தொடங்கினேன். நுண்ணுயிர்கள் வளர, மீன் இல்லாத தொட்டித் தண்ணீரில் ஒரு இறாலை அழுகவிட வேண்டும். சாவித்திரி அம்மாளிடம் மறைக்காமல் கேட்டேன். "தண்ணில அழுகறது சமையல்ல சேராது. ஆனா மூடி வைங்க" என்று தீர்ப்பாயிற்று. இறாலை அஞ்சலைதான் பேப்பரில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். சோதனைக் குப்பியும் வாங்கினேன். ஆறு வாரம் காத்திருந்தேன். இப்போது இரண்டு கோமாளி மீன்கள், நாலரை மாதமாக உயிரோடு இருக்கின்றன.

கடல் தொட்டியில் உப்பு வற்றுவதில்லை. நல்ல தண்ணீர்தான் ஆவியாகிப் போகும். குறைந்ததை ஈடுகட்டத் தினமும் ஒரு செம்பு குடிதண்ணீர் ஊற்ற வேண்டும். அது அஞ்சலையின் வேலை. நேற்றுச் செம்பைச் சாய்த்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தெனம் நல்ல தண்ணியே ஊத்தறனே, உப்பு போட வேணாமா?"

"வேண்டாம். உப்பு எங்கேயும் போகாது."

"அப்ப நீங்க கொண்டாந்த தண்ணி?"

"அதிலே பாதிக்கு மேலே போயிருக்கும்."

"அப்ப இப்ப உள்ள இருக்கறது நம்மூரு தண்ணியா?"

"ஓம்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். "கடல்தான்" என்றார். பிறகு செம்பில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார். அது விழுந்த இடத்துக்கு மீன்கள் இரண்டும் மேலேறி வந்தன.