பூட்டன் வாங்கிப் போன பிடிமண்

பெரியாறு அணை கட்டும்போது செத்துப்போனவர் என் பூட்டன், அதாவது அப்பாவின் தாத்தா. சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லி வைத்தது அதுதான். சுண்ணாம்பு அரைக்கும் வேலைக்கு மலையேறினார், காலரா கண்டது, அங்கேயே புதைத்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வரும்போதெல்லாம் எங்கள் பங்காளிகள் மீசையை முறுக்கிக்கொள்வார்கள். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் அவருக்குப் புதுவேட்டி வைத்துப் படையல் உண்டு. பூட்டிக்கு ஒன்றும் கிடையாது.

அப்பா அவளைப் பார்த்திருக்கிறார். சின்ன வயதிலேயே தாலியறுத்தவள். பெற்ற மகனின் கல்யாணத்தையே வெள்ளைச் சேலையோடு மாட்டுக்கொட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தாளாம். இரண்டாம் உலகப் போரில் ஊரே அரிசிக்கு அலைந்தபோது போய்ச் சேர்ந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பூட்டனின் கதையை எழுதிவைக்க ஆசைப்பட்டேன். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். புதைத்த இடமாவது தெரியட்டும் என்று விசாரித்துக்கொண்டே குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு வரை போனேன். அங்கே ஓர் ஏலத்தோட்டத்துக்குள் எங்கள் குலசாமி இருந்தது. விளக்குப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் விவரம் சொன்னார்.

"எங்க தாத்தா வச்ச கோயில். டேம் வேல முடிஞ்சு இங்கயே கல்யாணம் கழிச்சாக. கம்பத்துப் பக்கம் அவுக ஊருல பிடிமண் வாங்கியாந்தாக."

எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊரைச் சொன்னார். தாத்தா பெயரைக் கேட்டேன். என் பெயரைச் சொன்னார். சுதந்திரம் வந்த பிறகுதான் தாத்தா செத்தாராம்.

வெளியூரில் குடியேறுகிறவர்கள் அங்கே குலசாமிக்குக் கோயில் வைக்க சொந்த ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோவது வழக்கம். அதை யாரும் களவாண்டு போக முடியாது. பங்காளிகள் கூடி நிற்க, பூசாரி அள்ளிக் கொடுக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு இது உறைத்தது. பூட்டன் ஊருக்கு வந்திருக்கிறார். மண்ணைக் கொடுத்தனுப்பியவர்கள் வாயை மூடிக்கொண்டு, பூட்டியின் வெள்ளைச் சேலையைப் பார்த்தபடியே சோறு தின்றிருக்கிறார்கள்.

இந்த வருஷம் சிவராத்திரிக்குச் சிவப்புச் சேலையும் வளையலும் பூவும் வாங்கிப் போய் வேட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். படையலை முன்னின்று நடத்துகிறவர் என் பெரியப்பா மகன், என்னைவிட மூத்தவர்.

"ஏலே, தாலியறுத்தவளுக்கு யாராச்சும் சிவப்புச் சேல வைப்பாகளா? அங்கிட்டு எடு."

"அவ தாலியறுத்தவ இல்லண்ணே. புருசன் இருக்கவே போனவ. பூவும் பொட்டுமாத் தூக்கியிருக்கணும்." வண்டிப்பெரியாற்றில் கேட்டதையெல்லாம் சொன்னேன்.

அவர் கொஞ்சமும் அதிரவில்லை. திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டே, "எங்க அய்யாவும் சொல்லியிருக்காக. பழச இப்ப எதுக்குக் கெளறுற?" என்றார்.

என் அப்பாவுக்கும் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சேலையை அங்கேயே விட்டுவிட்டு, பூட்டனின் வேட்டியைப் படையலிலிருந்து எடுத்தேன்.