லேப்டாப்பில் ஓடாதது

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில், லினக்ஸில் ஓடும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று இருந்தது. அதற்குத் தெம்பு குறைவு. அதனால் அதற்கான மென்பொருள் பேக்கேஜ்களை எங்கள் லேப்டாப்பில் கம்பைல் செய்து, அதாவது போர்டின் சிப்புக்குப் புரியும்படி மாற்றி, அதில் ஏற்றுவோம். இரண்டின் சிப்பும் வேறு வேறு. போர்டுக்காகச் செய்தது லேப்டாப்பில் ஓடாது. ஓடினால், தப்பாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மேனேஜருக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "உன் லேப்டாப்புலயே ஓடலியேம்மா, அந்தத் துக்கடா போர்டுல எப்படி ஓடும்?" என்று நான் செய்த பேக்கேஜைப் பற்றி எல்லார் முன்னாலும் கேட்டார். அதே பேக்கேஜை பக்கத்து சீட்டுக்காரர் செய்தது அவருடைய லேப்டாப்பில் ஜம்மென்று ஓடியது. அதற்குக் கைதட்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகச் செய்து நானும் கைதட்டல் வாங்க வேண்டுமா?

"ரெண்டையும் போர்டுல ஏத்திப் பாருங்க சார்" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரருடையது ஒரே ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. என்னுடையது ஓடியது.

மேனேஜர் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "சரிம்மா, லேப்டாப்புல ஓடாததை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு" என்றார்.

"பண்ண மாட்டேன் சார்" என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன்.