“அந்தாளு நம்பரச் சொல்லுங்க”

பிள்ளைகளே, என் இதயம் பலவீனமாகி மருந்து சாப்பிட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். குள்ளமானவர், சிரிக்க மாட்டார். மாதாமாதம் எடை பார்த்துவிட்டு, என் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் கட்டைவிரலை ஊன்றி எடுப்பார். குழி விழுந்தால் உடம்பில் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு முறை எடை மூன்று கிலோ கூடியிருந்தது. குழியும் ஆழமாக விழுந்தது.

“நீர் மாத்திரை போட்டுக்கினு இருக்கீங்களா?”

“போட்டுக்கினுதான் இருக்கேன், சிஸ்டர்.”

“யாருகிட்ட கத வுடுறீங்க?”

மாத்திரையை நிறுத்திவிட்டதை ஒப்புக்கொண்டேன். அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். நான் வேலை பார்த்த மைன்ஸில் ஷிப்ட் நடுவே போனால் சூப்பர்வைசர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். எனக்கும் கோபம் வந்தது.

“நீங்க பர்மனென்ட், பேசுவீங்க. நான் காண்ட்ராக்டுங்க.”

“நானுந்தான் காண்ட்ராக்ட். அந்தாளு நம்பரச் சொல்லுங்க.”

என் எதிரிலேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். “உங்க ஆளு ஒன்னுக்குப் போகலன்னா மூச்சு முட்டிச் சாவாரு. போக வுட மாட்டேன்னா அத எழுதிக் குடுத்தனுப்புங்க.”

சூப்பர்வைசர் அதன்பின் என்னைத் தடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு எப்படிப் பயமில்லாமல் போனது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனிதரிடம் சொல்லப் பயந்து, நான் சாகவும் துணிந்திருந்தேனே, அதை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்கவில்லை.