ஆறு மாசத்துக் கோர்ட்டு

புதுமடத்துக் கடற்கரையில் கரைவலைத் தகராறு புதிதல்ல. இன்றைக்கு யார் முதலில் வலை வளைப்பது என்று அடிக்கடி வாய்ச்சண்டை வரும், மதியத்துக்குள் தீர்ந்தும் போகும். 1954ஆம் வருடம் மாசி மாதத்தில் நடந்தது மட்டும் தீரவில்லை. சதக்கும் பாக்கரும் ஈரமணலில் கட்டிப் புரண்டார்கள். பிரிந்த சற்று நேரத்தில் பாக்கர் கையில் துடுப்பு இருந்தது. ஒரே அடி. சதக் காதோரம் ரத்தம் வழிய அப்படியே உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி நூர் நிஷா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

பாக்கரின் மனைவி உம்மு ஹபீபாவுக்குச் செய்தி எட்டுவதற்குள் சதக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டார்கள். பாக்கர் தானாகவே போலீஸில் போய் நின்றான். ஜாமீனில் வீடு திரும்பியவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இனி அலைய வேண்டியது தான்தான் என்று ஹபீபாவுக்கு விளங்கியது. கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போயிராதவள், உச்சிப்புளியில் ரயிலேறி ராமநாதபுரம் வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

"பயப்படாதீங்கம்மா. இப்போதைக்கு இது காய வழக்குதான்" என்றார் வக்கீல். "நம்ம சப் மாஜிஸ்திரேட் விசாரிப்பாரு. அவரு ரெண்டாம் வகுப்பு. ஆறு மாசத்துக்கு மேல ஜெயில் போட அவருக்கு அதிகாரமே கெடையாது."

"அது பத்தாதுன்னு அவரு நெனச்சா?"

"முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவாரு. அங்கயும் ரெண்டு வருசத்துக்கு மேல போகாது."

ஹபீபா தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டாள். "அடிபட்டவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மதுரை செஷன்ஸ் கோர்ட்டு. அந்த ஜட்ஜு எந்தத் தண்டனையும் கொடுக்கலாம். கொலைன்னு முடிவானா தூக்குதான் வழக்கம். மெட்ராஸ் ஹைகோர்ட்டு அதை உறுதி பண்ணாமத் தூக்குல போட மாட்டாங்க. ஆனா அவ்வளவு தூரம் எதுக்கு யோசிக்கிறீங்க?"

அவள் அவ்வளவு தூரம்தான் யோசித்தாள். திரும்பும் ரயிலில் அவளுக்குப் புரிந்தது ஒன்றுதான். சதக் மூச்சு ஓடும்வரை பாக்கரின் தலைவிதி அந்தச் சின்னக் கோர்ட்டோடு நிற்கும்.

மறுநாளே தூக்குவாளியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நூர் நிஷா வாளியைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தாள். "ஒம் மாப்பிள்ள மண்டையப் பொளப்பான், நீ கஞ்சி ஊத்துவியா?" என்றாள். ஹபீபா சிந்தியதைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த நாளும் போனாள். யாரும் வாளியைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள், கண்விழித்துக் கண்விழித்துச் சோர்ந்துபோன நூர் நிஷா, படுக்கையைக் கண்ணால் காட்டி, "கொஞ்ச நேரம் அங்கன உக்காரு. நான் மொகம் கழுவிட்டு வாரேன்" என்றாள்.

அப்படித்தான் ஹபீபா சதக்கின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். யாசீன் ஓதுவாள், விசிறுவாள், கரண்டியால் கஞ்சி புகட்டுவாள். தான் துஆ கேட்பது இந்த மனுசனுக்காகவா, தன் மாப்பிள்ளையின் கழுத்துக்காகவா என்ற கேள்வி அவளைத் தின்றது. எழுந்து போய்விடலாம் என்றிருக்கும். ஆனாலும் போகவில்லை. ஒருநாள் சதக் கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"கஞ்சி உன்னுதா?"

"ஆமா."

"உப்பே இல்ல" என்றான். நூர் நிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடி விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றுதான். அதன் பிறகு ஹபீபாவுக்கு அந்தக் கேள்வி வரவில்லை. சதக் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் பிழைக்கவில்லை. பங்குனி முடியுமுன் காய்ச்சல் கண்டது, பிறகு நினைவு தப்பியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் மூச்சு நின்றது. உடலோடு அதே வண்டியில் ஹபீபாவும் ஊர் வந்தாள். மவுத் வீட்டில் நூர் நிஷாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த தெருவில் போலீஸ் பாக்கரைக் கூட்டிக்கொண்டு போனது. சதக்கின் அண்ணன் வாசலில் வந்து நின்று, "இவள மொதல்ல வெளிய அனுப்புங்க" என்றான். நூர் நிஷா தலையைத் தூக்கவில்லை. ஹபீபா எழுந்து போனாள்.

ராமநாதபுரம் கோர்ட்டில் அதே சப் மாஜிஸ்திரேட்தான் இருந்தார். காய வழக்கின் வாய்தாக்களில் அவர் குரல் உயர்த்திப் பேசி ஹபீபா கேட்டதில்லை. இந்த மனுசர் கையிலேயே முடிந்துவிடாதா என்று அப்போதும் அவளுக்கு ஒரு நப்பாசை. சாட்சிகளை எழுதிக்கொண்டபின் அவர் கூண்டில் நின்ற பாக்கரைப் பார்த்தார். "இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. செஷன்ஸுக்கு அனுப்புகிறேன். சொல்ல வேண்டியதை அங்கே சொல்" என்றார். பாக்கர் தலையசைத்தான்.

கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்ததால் நூர் நிஷா அங்கே வரவில்லை. இத்தா முடிந்து, மதுரையில் விசாரணை வந்தபோதுதான் சாட்சிக்கு வந்தாள். வெள்ளைத் துப்பட்டிக்குள் அவள் முகம் பாதியாகச் சிறுத்திருந்தது. அவள் பின்னால் சதக்கின் அண்ணன் தம்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

பாக்கர் அடித்ததைப் பார்த்தாயா என்று அரசு வக்கீல் கேட்டார். பார்த்தேன் என்றாள். பாக்கரின் வக்கீல் எழுந்து, யார் முதலில் அடித்தது என்று கேட்டார்.

நூர் நிஷா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் மாப்பிள்ளதான். பிரிஞ்சதும் கட்டையால அடிச்சாரு. பாக்கர் கீழ விழுந்தாரு. இவரு மறுபடி அடிக்கக் கை ஓங்குனப்பதான் பாக்கர் துடுப்ப எடுத்தாரு."

அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். "போலீஸில் இதைச் சொல்லவில்லையே?"

"அவுங்க கேக்கல. பாக்கர் அடிச்சாரான்னுதான் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

ஹபீபா வராந்தாவில் காத்திருந்து அவள் கையைப் பிடித்தாள். நூர் நிஷா மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "ஒனக்காகச் சொல்லல. நடந்ததச் சொன்னேன். எம் பின்னாடி வராத, ஹபீபா. அவுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

அது கொலை ஆகாது, திடீர்ச் சண்டையில் நேர்ந்த மரணம் என்று ஜட்ஜ் தீர்ப்பளித்தார். தூக்கு இல்லை, ஆறு வருடக் கடுங்காவல். ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டால் இன்னும் குறையலாம் என்றார் வக்கீல். பாக்கர் வேண்டாம் என்றான். ஹபீபா ஜெயில் கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சினாள்.

"அவன் போயிட்டான், புள்ள. நான் இதுக்கு மேல போயி என்னன்னு கேக்க?" என்றான் பாக்கர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

நூர் நிஷா மதுரையிலிருந்து திரும்பியபோது கொழுந்தன்மார் வீட்டில் அவள் பெட்டி வாசலுக்கு வந்திருந்தது. இலங்கையில், தலைமன்னாரில் கடை வைத்திருந்த அவள் தம்பி வந்து கூட்டிப்போனான். ஹபீபா கேள்விப்பட்டு ஓடியபோது வாசலில் பெட்டி இல்லை.

பாக்கர் தண்டனை கழிந்து வந்தான். ஜெயிலில் பிடித்த இருமல் அவனை விடவில்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையில் கிழிசலைப் பொத்திக் கொடுப்பான். கடலில் இறங்க மாட்டான். ஊர் வந்த இரண்டாவது மழைக்காலத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். ஹபீபா கருவாட்டு வியாபாரத்தில் காலத்தை ஓட்டினாள். இலங்கையிலிருந்து யார் வந்தாலும் தலைமன்னாரில் இன்ன பெயர் உண்டா என்று கேட்பாள். ஒருமுறை மண்டபத்தில் ஒரு வியாபாரி, அப்படி ஒரு அம்மாள் இருந்தார்கள், மவுத்தாகி வருசமாகிவிட்டது என்றார்.

அன்று அவள் கருவாட்டை விற்காமல் வீட்டுக்கு வந்தாள். குளித்து, ஒரு படி அரிசியில் சோறாக்கி, பள்ளிவாசலுக்கு அனுப்பி, நூர் நிஷா பெயரில் ஃபாத்திஹா ஓதச் சொன்னாள். எந்த வீட்டு நூர் நிஷா என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கேட்டனுப்பினார். பெட்டியை வெளியே வைத்த கொழுந்தன்மார் வீட்டைச் சொல்ல ஹபீபாவுக்கு மனம் வரவில்லை. கடைசியில், "சதக் பொஞ்சாதின்னு சொல்லுங்க" என்றாள்.