மின்முனையின் காற்றுப் பக்கம்

எழுபதுகளில் மின்வெட்டு எல்லா வீட்டுக்கும் தொல்லைதான். காஸ்டிக் சோடா செய்யும் எங்கள் ஆலைக்கோ அது உயிரையே வாங்கியது. உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக்கும் குளோரினும் எடுக்க வேண்டும். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? கரண்டுக்குத்தான் பஞ்சம். அதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது என்று நான் வாயைத் திறந்தேன். மானேஜர் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த சாமான் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆலையில் கெமிஸ்ட் வேலையில் இருந்த ஒரே பெண் நான். பிள்ளை கொஞ்ச நாள் விளையாடட்டும் என்ற நினைப்பு அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டேன்.

விஷயம் இவ்வளவுதான். மின்சாரம் பாயும்போது ஒரு மின்முனையிலிருந்து ஹைட்ரஜன் குமிழ் குமிழாகக் கிளம்பும். அதைக் கிளப்பவே நிறையக் கரண்டு வீணாகப் போகிறது. அதே மின்முனைக்குப் பின்னாலிருந்து காற்றை ஊட்டினால் ஹைட்ரஜன் வராது, கரண்டும் மிச்சமாகும். காற்றை எப்படி ஊட்டுவது? தேங்காய்ச் சிரட்டைக் கரித்தூளில் மெழுகு கலந்து, நிக்கல் வலையில் அப்பி, அழுத்தித் தகடாக்கினேன். தகட்டின் முன்பக்கம் காஸ்டிக் தண்ணீர், பின்பக்கம் காற்று. நடுவில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அந்தத் துளைகளுக்குள் தண்ணீரும் காற்றும் பாதி வழியில் சந்திக்க வேண்டும். மெழுகு இருப்பதால் தண்ணீர் அதற்கு மேல் ஏறாது. ஏறிவிட்டால் போச்சு, சாம்பாரில் ஊறின இட்லிதான். காற்று போக வழியிருக்காது.

எனக்குத் துணை ஒரு ஃபிட்டர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்னப் புதுக்கோட்டையிலிருந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருவார். வருஷக்கணக்காகத் தினக்கூலி. என்றைக்காவது பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று வேலைக்கு ஒரு நாள் தவறினதில்லை. தகடும் காஸ்டிக் தண்ணீரும் இருக்கிற செல்லின் பெட்டியை அறுத்துப் பொருத்தினது, காற்று ஊத சின்ன ப்ளோயர் மாட்டினது எல்லாம் அவர்தான். என்னோடு உட்கார்ந்து கரி அரைத்து மூக்கெல்லாம் கறுத்துப்போவார். நான் எரிந்து விழுந்தாலும், "சரிம்மா, சரிம்மா" என்று வேலையைப் பார்ப்பார். அதற்கும் எனக்கு எரிச்சல் வரும்.

தகடுகள் ஒவ்வொன்றாகப் பாழாகி, கடைசியில் ஒன்று நின்றது. வோல்ட்மீட்டர் முள் முக்கால் வோல்ட் இறங்கி அங்கேயே இருந்தது; அவ்வளவும் மிச்சம். மானேஜர் வந்து பார்த்தார். பம்பாய்க்குத் தந்தி அடித்தார். தலைமை அலுவலகத்துப் பெரியவர் ஆயுத பூஜை முடிந்த மறுநாள் வருகிறார் என்றார். அவருக்குப் பிடித்தால் ஒரு ஆள் பம்பாய் போய், அங்கே பெரிய ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்யலாம். பிடிக்காவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். நான் பழையபடி உப்பு மாதிரிகளைச் சோதிக்கப் போகவேண்டியதுதான். அந்த வேலையில் தலை நரைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. பம்பாய்க்குப் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

பூஜையன்று தருவைகுளத்தில் சித்தி பேரனுக்கு ஞானஸ்நானம். சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வீட்டாரோடு போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அறை பளபளவென்று இருந்தது. செல் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ப்ளோயருக்குப் பூமாலை. அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியவர் வந்தார், மானேஜர் வந்தார். ஸ்விட்சைப் போட்டேன்.

முள் இறங்கியது. சற்று நேரம் நின்றது. பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தது. தண்ணீர்ப் பக்கம் குமிழ் கிளம்பியது. பின்னால் போய்ப் பார்த்தேன். காய்ந்து கிடக்க வேண்டிய காற்றுப் பக்கம் வியர்த்து, ஓரமெல்லாம் வெள்ளை நுரை தள்ளியிருந்தது. காஸ்டிக் தண்ணீருக்கு ஏது இவ்வளவு நுரை?

"அண்ணாச்சி, இதைக் கழட்டுனீங்களா?"

"ஆமாம்மா. பூசைக்கு எல்லா மிஷினையும் கழுவணும்லா. கரியா இருந்துச்சு. துணி சோப்பு போட்டு, ரெண்டு பக்கமும் நல்லாத் தேய்ச்சுக் கழுவி மாட்டுனேன்."

சோப்பு. துணியில் தண்ணீரை இறக்குவதற்கென்றே இருக்கிற சோப்பு. அது பட்டால் மெழுகு என்ன செய்யும்? துளைகள் அத்தனையும் தண்ணீரைக் குடித்துவிட்டன. சாமிக்கு முன்னால் அழுக்காக வைக்கக் கூடாது என்று அவர் தேய்த்திருக்கிறார். கத்தவேண்டும் போல வந்தது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்கால ரயிலுக்குப் போகிறவர். மானேஜர் என்னைப் பார்த்த பார்வையில், நான் அப்பவே நினைத்தேன் என்றிருந்தது.

"சோப்பு பட்டுருச்சு சார். வேற தகடு மாட்டுதேன்," என்றேன்.

வேறு தகடு எங்கே இருக்கிறது? ஓரம் உடைந்தது என்று மேசைக்கு அடியில் எறிந்த ஒன்றுதான் இருந்தது. குப்பை என்று அண்ணாச்சி அதைத் தொடவில்லை. புழுதியை ஊதினேன். உடைந்த ஓரத்தை அவர் ரப்பர் வைத்து அடைத்தார். நட்டு ஒன்றுகூடத் தவறவில்லை. மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். முள் இறங்கியது. நின்றது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மத்தியானம் வரை உட்கார்ந்து பார்த்தார். முள் அசையவில்லை.

எழுந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. இதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆளை உடனே பம்பாய்க்கு அனுப்புங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன். மானேஜர் என்னைத் தாண்டி அண்ணாச்சியைப் பார்த்தார்.

"என்னவே, பம்பாய்க்குப் போறீரா? பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் எப்படி அனுப்புறது? நீரு போனா இந்த மாசமே பெர்மனென்ட் ஆக்கிருதேன்."

அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார். அந்த வார்த்தைக்காக அவர் காத்துக் கிடந்தது ஆலை முழுக்கத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான் போனா அங்கயும் சோப்பு போட்டுக் கழுவிருவேன் சார். கலவை பக்குவம் எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைய அனுப்புங்க."

தெரியாது என்றது பொய். கலவையை என்னோடு சேர்ந்து அரைத்தவர் அவர். பெரியவர் என்ன என்று கேட்டார். மானேஜர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். பெரியவர் என் பக்கம் திரும்பி, நீ வருகிறாயா என்றார்.

"வாரேன் சார்," என்றேன். தமிழில்தான் வந்தது.

அவர்கள் போனதும் அண்ணாச்சி மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.

"உங்கள யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? பெர்மனென்ட் ஆக்குதேன்னு அவரே சொல்லுதாரு, உங்களுக்கு வேண்டாமா?"

பம்பாய்க்குக் கட்டி அனுப்ப அவர் செல்லின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏளா, கத்தாத. எனக்கும் வேணுந்தான்."

நானும் ஒரு ஸ்பானரை எடுத்து, அழுதுகொண்டே மறுபக்கத்து நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.