முந்தானையில் தேங்காய்ச் சில்

அம்மா இறந்த பிறகு அம்பாசமுத்திரம் வீட்டில் நான் ஒருத்திதான். பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தித் தொண்டை வறண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் இருக்காது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. குழாயைத் திட்டுவேன், ஸ்டவ்வைத் திட்டுவேன். மெட்ராஸிலிருந்து தம்பி போனில், "வீட்டை வித்துட்டு இங்க வந்துரு அக்கா" என்பான். அவன் வீட்டில் எனக்கு ஒரு மூலை கிடைக்கும். மூலையில் கிடப்பதற்கு மெட்ராஸ் வரை எதற்குப் போக வேண்டும்?

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் அந்தப் பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து விட்டார். ராஜபாளையத்து நாய். "உடம்புல ஒரு பொட்டுக் கருப்பு கெடையாது டீச்சர். மூக்கைப் பாருங்க, ரோஸ் கலரு. அசல்னா இதான் அசல்" என்றார்.

எங்கள் ஊரில் நாயிடம் மட்டும் எல்லோரும் இங்கிலீஷ் பேசுவார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர்கூட ‘சிட்’, ‘கம்’ என்று அதட்டுவார். நான் தமிழ் டீச்சர். என் நாய் தமிழில்தான் படிக்கும் என்று வீம்பு பிடித்தேன். அடிக்கக் கூடாது என்றும் முடிவு. எங்கள் வீடு சைவம், கறித்துண்டு காட்டி மயக்க வழியில்லை. தேங்காய்ச் சில்லுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒன்றை அதன் மூக்குக்கு மேலே தூக்கி "உட்கார்" என்பேன். அண்ணாந்து பார்க்கும்போது பின்பக்கம் தானாகத் தரையில் படியும். உடனே தேங்காய். சீக்கிரமே படித்துவிட்டது. ஆனால் பின்னால் நின்று "வா" என்றால் மட்டும் வராது. என்னைப் போலவே பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் புறவாசல் படியில் உட்கார்ந்து அதனிடம் எல்லாம் சொல்வேன். தம்பியைப் பற்றி, தலைமையாசிரியையைப் பற்றி, கடைசி நாட்களில் அம்மா என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டதைப் பற்றி. அதை வேறு யாரிடமும் நான் சொன்னதில்லை.

தீபாவளியன்று தெருநாய்கள் எல்லாம் வண்டிக்கடியில் பதுங்க, இது முற்றத்தில் கால் நீட்டித் தூங்கியது. "என்ன தைரியம் பாருங்க" என்று அண்ணாச்சியிடம் பீற்றிக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அதன் பின்னால் போய் நின்று, தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. அது காதைக்கூட அசைக்கவில்லை.

"செவிடு டீச்சர். ரொம்ப வெள்ளையாப் பொறந்தா சிலதுக்கு இப்பிடி ஆயிரும். நாந்தான் பாக்காம விட்டுட்டேன். ரோட்டுல பஸ் ஆரன் கேக்காது, ஒருநா அடிபட்டுரும். குடுத்துருங்க, வயக்காட்டுல கட்டிப் போட்டுக்கிடுதேன்."

கட்டிப் போட்டால் ஆயுசுக்கும் சங்கிலிதான். பொங்கல் வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்.

"நீங்க சொல்லுதிய, சரி. ஆனா ரெண்டு போடு போட்டாத்தான் பயந்து ஒழுங்கா நிக்கும்."

அன்றைக்கு நான் அழுதது நாய்க்காக அல்ல. அத்தனை சாயங்காலமும் சுவரிடம் பேசியிருக்கிறேன். அது படித்ததும் என் தமிழை அல்ல, என் கையை.

சரி, கையாலேயே பேசுவோம் என்று ஆரம்பித்தேன். கையைத் தூக்கினால் உட்கார வேண்டும். நெஞ்சில் வைத்தால் வர வேண்டும். ஆனால் கை தெரிய வேண்டுமென்றால் அது முதலில் என்னைப் பார்க்க வேண்டுமே! மோட்டார் போட்ட பிறகு சும்மா கிடந்த கிணற்றுக் கயிற்றைக் கட்டி, ஆற்றுப் பாதையில் முன்னால் நடக்க விட்டேன். கயிற்றைச் சுண்டக் கூடாது, தானாகத் திரும்பிப் பார்த்தால் உடனே தேங்காய். அது ஆட்டைப் பார்த்தது, அணிலைப் பார்த்தது, துணி துவைக்கிறவர்களைப் பார்த்தது. என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தது. ஊமையாகப் பின்னால் போகிற என்னைப் பார்த்து, "டீச்சருக்கு என்னமோ ஆயிட்டு" என்று படித்துறையில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் சும்மா திரும்பியது. கொடுத்தேன். அப்புறம் அடிக்கடி திரும்பியது.

மார்கழியில் ஒரு காலை, பால்காரம்மா கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். நான் தெருவுக்கு ஓடி வரும்போது அது முனைக்கே போய்விட்டது. பாபநாசம் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது. "ஏ, பிடிங்கலே அதை!" என்று கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி கத்தினார். நானும் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். ரோட்டில் கால் வைக்கப் போன நாய், வழக்கம்போலத் திரும்பி என்னைப் பார்த்தது. கையைத் தூக்கினேன். உட்கார்ந்தது. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

கையை நெஞ்சில் வைத்தேன். ஓடி வந்தது. முந்தானையைத் தேடினால் முடிச்சே இல்லை, காலையில் அவசரத்தில் மறந்திருக்கிறேன். வெறும் கையை விரித்துக் காட்டினேன். மோந்து பார்த்தது. பிறகும் போகவில்லை, அண்ணாந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு நினைவு தப்பிய பிறகு என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நடுத்தெருவில் நின்று அழுதேன்.

"கொஞ்சம் தேங்கா தரட்டுமா டீச்சர்?" என்றார் அண்ணாச்சி. வயக்காட்டுப் பேச்சை அவர் எடுக்கவில்லை, அப்புறமும் எடுத்ததில்லை.

வீடு வரைக்கும் அதனிடம் பேசிக்கொண்டே போனேன். நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே அது முன்னால் நடந்தது.