நீர்யானை அம்மாளின் ஏப்பம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கொசுறு. காய் வாங்கி முடித்த பிறகு கடைக்காரர் சும்மா அள்ளிப் போடும் இரண்டு பச்சை மிளகாய் மாதிரி, பெரிய குரல்களையெல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்படியே அந்தக் கொசுறையும் வரச் சொல்லிடுங்க" என்பார்கள். தொழில் டப்பிங். திரையில் யாராவது வாயசைத்தால் அந்த வாய்க்குக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் வசனம் பேசும் வாய் எதுவும் இவளுக்குக் கிடைத்ததில்லை. தீ விபத்தில் அலறும் கூட்டம், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருமும் பெண், கதாநாயகிக்குப் பிரசவ வலி வந்தால் அந்த முனகல் மட்டும் என்று கூட்டத்தோடு கோவிந்தா போட்டே தலை நரைத்துவிட்டது.

அதற்காக அவள் அடங்கி ஒடுங்கிக் கிடந்தாள் என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கு மேல் கோபம் வரும். இருமலைக்கூடச் சரியாகப் பதிவு செய்யவில்லை என்று ஒலிப்பதிவாளரோடு மல்லுக்கு நிற்பாள். வீட்டில் அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயே திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்து இவள் பேசினாள். மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவாள். நாத்தனார் பெண்கள் பள்ளியில் ஒழுக்கப் பாடம் நடத்துகிறவர். தம்பி பெண்டாட்டி காசுக்கு அலறுகிறாள் என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய் கொசுறுக்குச் சுருக்கென்று தைக்கும். ஆனாலும் மறுத்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்ட்டூன் வந்தது. குழந்தைகளை உள்ளே விடக் கூடாது என்று போஸ்டரிலேயே எச்சரிக்கிற ரகம். ஒரு நீர்யானைக் குடும்பம் வருடக் கடைசி விடுமுறைக்குக் கடற்கரை ஹோட்டலுக்குப் போய் அந்த இடத்தையே நாசம் செய்துவிட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான் கதை. படம் முழுக்க ஆட்டிப் படைப்பது நீர்யானை அம்மாள். விருந்து மேஜையை ஒரே மூச்சில் காலி செய்வாள், நீச்சல் குளத்தில் குசு விட்டு அலை கிளப்புவாள், குடித்துவிட்டுக் கச்சேரி செய்வாள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, வார்த்தை தீர்ந்தால் ஏப்பம்.

குரல் கொடுக்கக் கொசுறைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. எதிரே திரை வெறுமையாக இருந்தது. அசைகிற வாய் ஒன்று இருந்தால்தானே பேச முடியும்? வாய் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே நின்றாள். இளவட்டமான இயக்குநர் சிரித்தார். "வாயே நீங்கதான் அக்கா. நீங்க பேசறதை முகத்தோட கேமராவுல எடுத்து, அதைப் பார்த்துத்தான் நாங்க வரைவோம். இது தற்காலிகக் குரல்தான், பயப்படாம பேசுங்க" என்றார்.

தற்காலிகம் என்ற சொல் அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் டப்பிங்காரர்களுக்கென்று ஒரு நினைப்பு உண்டு. படப்பிடிப்பில் நடிகர்கள் முணுமுணுப்பதுதான் தற்காலிகம். அதை அழித்துவிட்டு உட்காருகிற கடைசி ஆள் டப்பிங்காரர், அவருக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள். இத்தனை காலம் அழித்தே பழகியவளுக்குத் தன் குரலையும் ஒருவர் அழிக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலையில் இறங்கினாள். அத்தனை வருடமும் பக்கத்துக் கட்டிலில் இருமியதெல்லாம் ஒன்று திரண்டு வந்தது மாதிரி பேசினாள். எழுதியிருந்த ஏப்பம் போதாதென்று வசனத்துக்கு நடுவிலும் விட்டாள். குசுவையும் வாயாலேயே விட்டாள், அதிலும் நீளமானது, சந்தேகமானது, மழுப்புவது என்று வகை வகையாக. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் ஒத்திகை பார்த்ததில், குழாயில் அடைப்பு என்று கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்தார்.

பிறகு தம்பட்டம் அடிக்க ஆரம்பித்தாள். நான்தான் படத்தில் கதாநாயகி என்று குடியிருப்பு முழுக்கச் சொன்னாள். நாத்தனாரிடமே போய்ச் சொன்னாள். என்ன வேஷம் என்று அவர் கேட்டதற்கு, பெரிய குடும்பத்து அம்மா என்று பட்டும் படாமலும் பதில் வந்தது. அப்படியானால் தன் பள்ளி ஆசிரியைகளையும் அழைத்துக்கொண்டு படத்துக்கு வருவதாக நாத்தனார் சொன்னபோது கொசுறுக்கு ஏன்தான் சொன்னோமோ என்றாகிவிட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை.

நீர்யானைக் குடும்பத்தை மட்டும் பாதிக்கு மேல் வரைந்து முடித்த பிறகு ஒரு நாள் வரச் சொன்னார்கள். போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மைக் முன்னால் ஒரு பிரபல நடிகை நின்றுகொண்டிருந்தார். விஷயத்தை ஒலிப்பதிவாளர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். படத்தில் வரப்போவது நடிகையின் குரல். கொசுறின் குரல் வரைவதற்கு மட்டும்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் நீர்யானை அம்மாள் வந்தாள். கொசுறு அவளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பொய் சொல்வதற்கு முன்னால் கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஏப்பம் வருமுன் ஒற்றைப் புருவம் ஏறியது. அது அவள் உதடு, அவள் புருவம். வாழ்நாளெல்லாம் யார் யாருடைய முகத்துக்கோ மூச்சு விட்டவளுக்கு முதல் முறையாக ஒரு முகம் கிடைத்திருந்தது, அதுவும் ஒரு டன் எடையில். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

உள்ளே நடிகை பாடுபட்டார். நல்ல நடிகைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கெட்ட வார்த்தைகளைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல வாசித்தார். வசனத்துக்கு நடுவே நீர்யானை திடீர் திடீரென்று வாயைப் பிளந்தது. அங்கெல்லாம் ஏப்பம் இருந்தாக வேண்டும். நடிகை பூனைக்குட்டி மாதிரி ஒரு "ஏவ்" சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்து "ச்சீ" என்றார். காலையிலிருந்து ஒரு காட்சிகூடத் தேறவில்லை.

இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அக்கா, வசனத்தை மேடம் பேசட்டும். ஏப்பம், குசு, குறட்டை மட்டும் நீங்க குடுத்துடுங்க. எங்களுக்காக."

"அது என் மூஞ்சி தம்பி," என்றாள் கொசுறு. "என் மூஞ்சிக்கு இன்னொருத்தங்க பேசுவாங்க, நான் குசு மட்டும் விடணுமா? வேண்டாம். பேசினா முழுசா நான் பேசறேன். இல்லேன்னா என்னை மொத்தமா அழிச்சிடுங்க."

அழிக்க மாட்டேன் என்று இயக்குநர் சொல்வாரென்று பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார். போஸ்டரில் பெரிய பெயர் இல்லாவிட்டால் தயாரிப்பாளர் படத்தையே நிறுத்திவிடுவார் என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கொசுறு கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அப்போது பின்னாலிருந்த ஒலிபெருக்கியில் நடிகையின் குரல் கேட்டது. மைக் திறந்திருப்பது தெரியாமல், "ச்சீ, என்ன ஜென்மமோ இது" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அடிவயிற்றிலிருந்து வந்த சுத்தமான அருவருப்பு.

கொசுறு நின்றாள். அதைத் திரும்பப் போடச் சொன்னாள். இன்னொரு தடவையும் போடச் சொன்னாள். பிறகு இயக்குநரைப் பார்த்து, கதையில் ஹோட்டல் மேனேஜராக ஒரு கொக்கு வருமே, நீர்யானை அம்மாளோடு கடைசி வரை மல்லுக்கட்டுமே, அதற்கு யார் குரல் என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை, வரையவும் ஆரம்பிக்கவில்லை என்றார் அவர்.

"முடிவாயிடுச்சு. மேடம்தான் கொக்கு. போஸ்டர்ல அவங்க பேரை எவ்வளவு பெரிசா வேணும்னாலும் போட்டுக்கோங்க."

நல்ல யோசனைதான், ஆனால் நடிகையிடம் போய் யார் சொல்வது? இயக்குநர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார், ஒலிப்பதிவாளர் கூரையைப் பார்த்தார். கொசுறே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இந்த நீர்யானைப் பொம்பளையை உங்களுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, இல்லையா மேடம் என்று நேராகவே கேட்டாள். உண்மையைச் சொன்னால் குமட்டுகிறது என்றார் நடிகை. குமட்டலைக் காட்டத்தான் படத்தில் ஒரு கொக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பி, நீச்சல் குளக் காட்சியின் வசனத்தைக் கொசுறு முழுதாக எடுத்துவிட்டாள். முடிவில் வந்த ஏப்பத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

நடிகை சுவரோரம் ஒதுங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ச்சீ, தள்ளிப் போம்மா அந்தப் பக்கம்" என்று கத்தினார். பிறகு அவரே சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

"இதை நான் பண்றேன்," என்றார் நடிகை. "அதை என்னால சத்தியமா பண்ண முடியாது. அவங்களே பேசட்டும்."

தயாரிப்பாளருக்கும் ஆட்சேபணை இல்லை, பெயர் கிடைத்தால் போதும். இரண்டு பேரையும் ஒரே மைக்கின் முன் நிறுத்திப் பதிவு செய்தார்கள். ஒருத்தி விட விட இன்னொருத்தி சுளித்தாள். அந்த வேலையில் இருந்த யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சம்பாதித்ததில்லை.

முதல் நாள் முதல் காட்சிக்குக் கணவரும் நாத்தனாரும் ஆசிரியைகளும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் ஏப்பத்துக்கே நாத்தனார் கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டார். கொசுறு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நீச்சல் குளக் காட்சி வந்தபோது அரங்கம் இடிந்து விழுவது போலச் சிரித்தது. தொப்பை வைத்தவர்கள், டை கட்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கடைசியில் கொசுறு தைரியம் வரவழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தாள். நாத்தனார் கைப்பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார், தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பதறிக் குனிந்தால், மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து வெளிக்கூடத்துக்கு வந்தார்கள். அங்கே ஒரு பெரியவர் தன் மனைவிக்கு அந்த ஏப்பத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். சகிக்கவில்லை. கொசுறுக்குப் பொறுக்குமா? நேரே அவரிடம் போய், தொண்டையிலிருந்து வரக் கூடாது, வயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சொல்லி, ஒற்றைப் புருவத்தை ஏற்றி, ஒன்று விட்டாள்.

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டிக்கெட் கிழிப்பவர்கூடக் கையை நிறுத்தினார். பெரியவர் வாயைப் பிளந்தபடி, அந்த நீர்யானை நீங்களா என்று கேட்டார். கொசுறு பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"ஆமா, இவதான். படம் முழுக்க இவ குரல்தான்," என்றார், வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்கிற அந்தக் குரலில். "என் தம்பி பெண்டாட்டி."